முதலில் வெள்ளைத் தூள்

இந்தக் காலத்தில் ஆளாளுக்கு மன்னிப்புக் கேட்கிறார்கள். பஸ்ஸில் காலை மிதித்தவனும் சாரி சொல்கிறான், மிதிபட்டவனும் சாரி சொல்கிறான். மருந்துக் கடையில் மருந்து இல்லையென்றால் சாரி; மருந்து இருந்து, எடுத்துக் கொடுக்கிற பெண் டீ குடிக்கப் போயிருந்தாலும் சாரி. போன் போட்டால் மனுஷன் பேசுவதற்கு முன்னாலேயே ஒரு மெஷின் மன்னிப்புக் கேட்டு வைக்கிறது. தும்மலுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. வந்தது, போனது, மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். உடைந்த சாமான் உடைந்தபடிதான் கிடக்கிறது.

மைக்ரான் வேலை பார்த்த இடத்தில் இந்த வழக்கம் கிடையாது. கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் நாற்பத்தாறு வருஷம் லேத்து ஓட்டியவர் அவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஆனால் வெர்னியர் அளவுகோலில் உள்ள கோடுகள் அவருக்கு எழுத்தைவிடத் தெளிவாகத் தெரியும். தலைமுடியைப் பத்தாகக் கிழித்த கனத்துக்கும் சண்டைக்கு நிற்பார் என்று ஆட்கள் கிண்டலாக வைத்த பெயர்தான் மைக்ரான். அது ஒட்டிக்கொண்டு, பெற்றவர்கள் வைத்த பெயர் உதிர்ந்துவிட்டது. அங்கே ஒருத்தன் அளவு தப்பிக் கடைந்துவிட்டால், வாயைத் திறக்கமாட்டான். பீஸைக் கழற்றிக் கழிவுத் தொட்டியில் எறிவான். அது விழுகிற சத்தம் பட்டறை முழுக்கக் கேட்கும். பிறகு வேறு கட்டையை மாட்டிக் கடைவான். மன்னிப்பு என்றால் அதுதான். வேறு எதுவும் மன்னிப்பு இல்லை.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே இப்போது காலையிலிருந்து படுக்கும்வரை அந்த வார்த்தைதான்.

வீடு மூன்று அறை. முன்னறையில் கட்டில் போட்டு மாப்பிள்ளை படுத்திருந்தான். அவன் தபால்காரன். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு மூன்று துண்டாகி, வெளிப்பக்கமாக ஒரு இரும்புக் கூண்டு மாட்டி, அதிலிருந்து ஆறு கம்பிகளைச் சதைக்குள் செருகி எலும்பில் முறுக்கியிருந்தார்கள். நடு அறை மகளுடைய வேலையிடம். பின்னறை மைக்ரானுடையது: ஒரு கட்டில், ஒரு சின்ன லேத்து, சாமானை இறுக்கிப் பிடிக்கிற ஒரு வைஸ். கட்டிலைவிட லேத்துக்குத்தான் வெளிச்சம் அதிகம்.

"மன்னிச்சுக்கங்க" என்பாள் மகள், காலுக்கடியில் தலையணையை நகர்த்தும்போது.

"எதுக்கு? தலையணைக்கா, கடலுக்கா?" என்பான் அவன்.

"ரெண்டுக்கும்."

"தலையணைக்கு ஏத்துக்கறேன். கடலுக்கு நீ யாரு கேக்க?"

அவன் அப்படித்தான். வீடு வீடாகப் போய்ப் பேசிப் பழகிய வாய். ஆனால் அவள் சிரிப்பதில்லை. நேராக அடுப்படிக்குப் போய், காஸ் மூடியிருக்கிறதா என்று திருகிப் பார்ப்பாள். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பப் போய் இன்னொரு தடவை பார்ப்பாள். வேலைக்குக் கிளம்பும்முன் நாலு தடவை. பின்னறையிலிருந்து மைக்ரான் அதை எண்ணிக்கொண்டிருப்பார்.

எல்லாம் காற்றில் ஆரம்பித்தது. இருபது வருஷம் சைக்கிளில் தபால் போட்ட மாப்பிள்ளைக்குக் காற்று எந்தத் தெருவில் எந்நேரம் எப்படித் திரும்பும் என்று அத்துப்படி. எதிர்க்காற்றில் மிதித்து மிதித்து அதன்மேல் ஒரு வன்மம் வந்திருக்க வேண்டும். ஒருநாள் அதை ஏறி மிதிக்கப் புறப்பட்டான். இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு, காலில் பலகையை மாட்டிக்கொண்டு, கடல்மேல் இழுபட்டுப் போகிற விளையாட்டு. "கழுதை வயசாச்சு, பட்டம் விடறான்" என்று மைக்ரான் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

அதோடு விட்டானா என்றால் இல்லை. லேசான காற்றில் பலகை நகரமாட்டேன் என்கிறதாம். அதற்கு ஒரு சாமான் இருக்கிறதாம், ஹைட்ரோபாயில் என்று. பலகைக்கு அடியில் இடுப்புயரத்துக்கு ஒரு தண்டு. தண்டின் கீழ்முனையில் ஒரு சின்ன விமானம் மாதிரி ஒரு உடம்பு, முன்னால் பெரிய இறக்கை, பின்னால் சின்ன இறக்கை. அது தண்ணீருக்குள்ளேயே பறக்கும். பலகையையும் ஆளையும் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். அலையை உரசாமல், சத்தம் இல்லாமல் போகலாம். கடையில் விற்கிற இறக்கை அவன் எடைக்கும் இந்தக் கரையின் சோம்பேறிக் காற்றுக்கும் ஆகாது என்று, அதை வீட்டிலேயே செய்வதென்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு கட்டினார்கள்.

செய்தது முழுக்க அவள்தான். அவள் பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்ப்பவள். யார் யாருடைய ஈறுகளோ பிளாஸ்டரில் அச்செடுத்து அவள் மேசைக்கு வரும்; மெழுகில் இழைத்து, பல்லை ஒவ்வொன்றாக நிறுத்தி, கடித்துப் பார்க்க ஆள் இல்லாமலேயே கடி சரியாக வரும்படி செய்து அனுப்புவாள். இறக்கையின் படத்தைப் பார்த்ததும், "இது ஒரு பெரிய பல்லுதாங்க" என்றாளாம்.

நுரைக்கட்டையைச் சூட்டுக் கம்பியால் அறுத்தாள். அதை இழைத்து, பிளாஸ்டரில் மேல் பாதி, கீழ் பாதி என்று அச்செடுத்தாள். கறுப்புக் கார்பன் இழைத் துணியை ஓரம் பிரியாமல் ஒட்டுத்தாள் வைத்து வெட்டினாள். சமையல் தராசில் பசை மாதிரியான ரெசினையும் அதைக் கெட்டியாக்குகிற மருந்தையும் நிறுத்துக் கலப்பாள்; கலந்தால் நேரம் பார்க்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் கிண்ணத்திலேயே கொதித்துக் கல்லாகிவிடும். அப்படி மைக்ரானுடைய டீ கிளாஸ் ஒன்று போனது. துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நனைத்து அடுக்கி, அச்சை மூடி, பெரிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பழைய பிரிட்ஜின் கம்ப்ரசரைத் திருப்பி மாட்டிக் காற்றை உறிஞ்சுவாள். பை சுருங்கி இறக்கையை இறுக்கிப் பிடிக்கும். எட்டு மணி நேரம் அந்தக் கம்ப்ரசர் முக்கிக்கொண்டே இருக்கும். வீடெல்லாம் நெடி. ரொட்டியில் நெடி, சூப்பில் நெடி.

"பக்கத்து ரூம்ல லேத்துக்காரன் ஒருத்தன் உயிரோட இருக்கான். அவனக் கேக்காம, எந்த ஊர்லயோ தொப்பி போட்டவன் ஒருத்தன் செல்போன் வீடியோவுல சொல்றதக் கேக்கறாங்க" என்று மைக்ரான் சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து மகள் ஒரு படத்தோடு வந்து நின்றாள்.

"அப்பா, நடுவுல வர்ற உடம்பு அலுமினியத்துல வேணும். செஞ்சு குடுப்பீங்களா?"

"தொப்பிக்காரன் என்ன சொல்றான்?"

"அவன் கடையில வாங்கிக்கச் சொல்றான்."

"அப்ப போய் வாங்கு."

அவள் படத்தை வைஸின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலை அவள் பல் தேய்க்கும்போது பின்னறையில் லேத்து ஓடிக்கொண்டிருந்தது.

அந்த உடம்பை அவர் பதினொரு நாள் செய்தார். தண்டின் முனை போய் உட்காருவதற்கு நடுவில் ஒரு பள்ளம், காடி என்பார்கள், வெட்ட வேண்டும். படத்தில் பதினைந்து மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. துளை போட்டு, அரத்தால் இழுத்து, பதினைந்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். மேலே அளந்தாலும் பதினைந்து, கீழே அளந்தாலும் பதினைந்து. அன்றைக்குச் சாப்பிடும்போது அவர் யாரிடமும் குறை சொல்லவில்லை.

பிறகு மகள் செய்த கார்பன் தண்டு வந்தது. முனையை வெர்னியரில் பிடித்தார். பதினைந்து புள்ளி நாலு.

"அப்பா, உள்ள போகாம இடிச்சா தண்டுப் பக்கம் கை வைக்காதீங்க. காடியக் கொஞ்சம் அகலம் பண்ணிக்கங்க" என்று அவள் வேலைக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள். "ஏன்னா அந்த முனையில நான்..." என்று காரணத்தையும் ஆரம்பித்தாள். இவர் அதற்குள் கிரைண்டரைப் போட்டுவிட்டார். காடியை அகலம் பண்ணு என்றால்? சரியாக இருக்கிற காடியைக் கெடுத்து, தப்பாக இருக்கிற தண்டுக்கு ஒத்துப்போ என்று அர்த்தம். கொழுத்தவனுக்காகக் கதவை இடிப்பார்களா?

எண்பதாம் நம்பர் உப்புத்தாளை எடுத்தார். தண்டின் முனையை வைஸில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு தேய்த்தார். முதலில் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கம் தேய்த்து, கொஞ்ச நேரத்தில் தூள் கறுப்பாக மாறியது. மேலே வழிந்து நின்ற ரெசின் போய் உள்ளே உள்ள நிஜம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அளந்தார்: பதினைந்து. உள்ளங்கையால் ஒரு தட்டு. தண்டு காடிக்குள் போய், கத்தி உறையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. ஒளி புகாது. போல்ட்டுக்குக் கிரீஸ் போட்டு முறுக்கி, அப்படியே பொருத்திக் கொடுத்தார்.

"சும்மா சும்மா கழட்டாதீங்க. மரை தேஞ்சுடும்" என்றும் சொன்னார். பெரியவர் பேச்சைக் கேட்டு ஏழு மாதம் அதை யாரும் கழற்றவில்லை.

ஒருநாள் அவரும் கரைக்குப் போய்ப் பார்த்தார். மாப்பிள்ளை தண்ணீருக்கு மேலே ஒரு முழம் எழும்பி, கீழே எதையும் தொடாமல், இஸ்திரிப் பெட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போனான். அலை தனியாக, அவன் தனியாகப் போனான். பக்கத்தில் நின்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருத்தர், அவரும் இந்தப் பட்டம் விடுகிற கூட்டம்தான், "உடம்பு யார் வேலைங்க? மில்லிங் மெஷின்ல வெட்டினதா?" என்று கேட்டார்.

"கையில" என்றார் மைக்ரான். அன்றைக்கு இரண்டாவது தடவை உருளைக்கிழங்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஏழாம் மாதம், காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசிய ஒரு மத்தியானம், தண்டுக்குக் கீழே இருந்ததெல்லாம் கழன்று போனது. வேகமாகப் போய்க்கொண்டிருந்தவன் தலைகுப்புறப் பலகைமேல் விழுந்தான். பட்டத்தின் கயிறு காலைச் சுற்றி முறுக்கி இழுத்தது. காற்று கடல்பக்கம் தள்ள, நாலரை மணி நேரம் மிதந்தான். ஒரு மீன்படகுதான் தூக்கி வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம். கூண்டு எப்போது கழலும் என்று டாக்டர் சொல்லவில்லை. சைக்கிள் மிதிப்பதைப் பற்றிக் கேட்டதற்கு, "முதல்ல ஒட்டட்டும், பாக்கலாம்" என்றுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு பார்சலோடு வந்தார். பலகை கரையில் ஒதுங்கியிருந்ததாம். தண்டு அதிலேயே இருந்தது. கீழே உடம்பும் இல்லை, இறக்கைகளும் இல்லை. வளைந்த இரண்டு போல்ட்டும், அதில் பிடித்துக்கொண்டிருந்த கொஞ்சம் அலுமினியமும்தான் மிச்சம். அந்த அலுமினியம் சாம்பல் பூத்து, வெள்ளை வெள்ளையாகப் பொடிந்து, ஊறின ரஸ்க் மாதிரி இருந்தது.

"வெட்டி உடைஞ்ச மாதிரி இல்லியே. அரிச்சுத் தின்ன மாதிரியில்ல இருக்கு" என்றார் அவர்.

மகள் அதை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். போல்ட்டைத் தட்டி எடுத்துவிட்டு, தண்டின் முனையை நகத்தால் சுரண்டினாள். பல் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"துணி இல்ல" என்றாள்.

"என்ன துணி?" என்றான் மாப்பிள்ளை கட்டிலிலிருந்து.

"கண்ணாடித் துணி, கண்ணாடி இழையில நெஞ்சது. கார்பனும் அலுமினியமும் உப்புத் தண்ணியில ஒண்ணையொண்ணு தொடக்கூடாது. தொட்டா பேட்டரி மாதிரி ஆயிடும், அலுமினியம் கரைஞ்சுரும். அதுக்குத்தான் முனையில கடைசியா கண்ணாடித் துணி ஒரு சுத்து வைக்கணும். ரெசின்ல நனைஞ்சா கண்ணாடி மாதிரியே ஆயிடும், இருக்கறதே தெரியாது." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "வெட்டி வெச்சேன். வெட்டினது நெனப்பிருக்கு. வெச்சது நெனப்பில்ல. வெக்க மறந்துட்டேன்."

"மறந்திருக்க மாட்ட."

"இங்க இல்லையே. நீங்களே பாருங்க. வெறும் கார்பன்." அவள் தண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நான் மறந்துட்டேங்க. மன்னிச்சுக்கங்க."

மைக்ரான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கையில் தட்டு. தட்டில் நாலு டீ. முதலில் வெள்ளைத் தூள், பிறகு கறுப்பு. ஒரு பக்கத்துக்குப் புள்ளி இரண்டு, இரண்டு பக்கமும் சேர்ந்தால் புள்ளி நாலு. கணக்கு அவர் கேட்காமலேயே வந்து நின்றது.

"மாமா, டீ ஆறுது" என்றான் மாப்பிள்ளை.

டீயைக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

துணியாவது, பேட்டரியாவது. வெங்காயச் சருகு கனத்தில் ஒரு துணி. அது இல்லாததனால் விரல் தடிமன் அலுமினியம் கரைந்துவிடுமாம். நாற்பத்தாறு வருஷத்தில் எத்தனை கப்பலுக்குச் செய்திருப்போம் என்று தனக்குள் சண்டை போட்டார். அந்தக் கப்பல்களில் கார்பன் இல்லை என்பது நடுவில் ஞாபகம் வந்தது. அதைத் தள்ளி வைத்தார். அலுமினியக் கட்டை விற்றவன் மட்டச் சரக்கைக் கொடுத்திருப்பான் என்று வைத்துக்கொண்டார்.

இருந்தாலும் மறுநாள் இரண்டு ஊறுகாய் பாட்டில்களைக் கழுவினார். மகள் கழித்துப் போட்ட கார்பன் துண்டு ஒன்றை, மிஞ்சின அலுமினியத்தோடு போல்ட் போட்டு இறுக்கி, உப்பு கரைத்த தண்ணீரில் போட்டார். இன்னொன்றில் நடுவில் கண்ணாடித் துணியில் ரெசின் தடவிக் காயவைத்து இறுக்கிப் போட்டார். அவள் சொல்வது பொய் என்று பார்த்துவிடத்தான். பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் மறைத்து வைத்தார்.

காலையில் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவது அவர் வேலை. அதை யாரும் சொல்லவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். உப்பு போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, கம்பி சதைக்குள் நுழைகிற ஆறு இடத்தையும் சுற்றிச் சுற்றித் துடைப்பார். ஒரு கம்பிக்கு ஒரு பஞ்சு. எடுத்த பஞ்சைத் திரும்ப வைக்கமாட்டார். துடைத்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து கம்பியின் அடியைப் பார்ப்பார்.

"என்ன மாமா பாக்கறீங்க?"

"வெள்ளையா ஏதாவது பூத்திருக்கான்னு."

"கம்பியிலயா?"

"உப்புத் தண்ணி, இரும்பு, எலும்பு. ஒண்ணோடொண்ணு தொட்டுக்கிட்டிருக்கு. இதுக்கு நடுவுல துணி கிணி வெக்க வேண்டாமா? அந்த நர்ஸக் கேட்டேன். சாரி, டாக்டரக் கேளுங்கன்னுட்டா."

மாப்பிள்ளை சிரிக்கப் போய், கால் ஆடி, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டான். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மாமா, அவளுக்கு நீங்களாவது சொல்லுங்க. ஒரு மனுஷிக்கு ஒண்ணு மறக்கறது சகஜம்னு சொல்லுங்க. நான் சொன்னா கட்டில்ல கெடக்கறவன் சொல்றான்னு எடுத்துக்கறா."

"அவ எதை மறந்தா?"

"அதான் அந்தத் துணி."

மைக்ரான் பஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பாட்டிலில் மூன்றாம் நாளே ஓரத்தில் வெள்ளையாகப் படிந்தது. குழாய்த் தண்ணீரில் மருந்து கலக்கிறார்கள், அதனால்தான் என்று கொட்டிவிட்டு, ஒரு கேனை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்து, கடல் தண்ணீரே மொண்டு வந்து ஊற்றினார். மழை பிடித்துக்கொண்டது, வாரம் முழுக்கச் சாம்பல் நிற மழை. ஜன்னல் கம்பியில் துணி காயாமல் தொங்கியது. பத்தாம் நாள் துணி வைக்காத பாட்டிலின் அடியில் தயிர் திரிந்த மாதிரி நின்றது. துணி வைத்தது போட்டபடி பளபளவென்று கிடந்தது. இரண்டையும் ஆட்டிப் பார்த்தார். அலுமினியம்தான் மட்டமோ என்று, வேறு கடையில் வாங்கிய புதுக் கட்டையில் துண்டு வெட்டி, திரும்பவும் ஆரம்பித்தார். திரும்பவும் அதேதான் ஆனது.

மகள் நடு அறை மேசையை ஒரு பழைய போர்வையால் மூடிவிட்டாள். அச்சுகளை மூட்டை கட்டி வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள், யாராவது எடுத்துப் போகட்டும் என்று. அவள் கைப்பையில் ஒரு சின்ன நோட்டு முளைத்தது. மெழுகு சூடாக்கினேன், அணைத்தேன்; பல் வைத்தேன், எண்ணினேன், பதினாலு; கதவைப் பூட்டினேன். செய்ததையெல்லாம் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, படித்ததை நம்பாமல் திரும்பப் போய்ப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை விட்டு வெயில் அடித்தது. மூன்று பேரும் முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் ஒருத்தன், நாற்காலியில் இரண்டு பேர். வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டே மகள் சொன்னாள்:

"நாளைக்குப் போய் வேலைய விட்டுடறேன்னு சொல்லிட்டு வந்துடலாம்னு இருக்கேன்."

"ஏன்?" என்றான் மாப்பிள்ளை.

"இந்த வாரம் மூணு செட்டு திரும்பி வந்துருச்சு. ஒரு கிழவிக்கு மேல் பல்லுல இடதும் வலதும் மாத்தி வெச்சிருக்கேன். பதினேழு வருஷத்துல நான் அப்படிச் செஞ்சதில்ல. வெச்சேனா வெச்சேனான்னு பாத்துப் பாத்தே கை தடுமாறுது. என் கை மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல. இன்னொருத்தர் வாய்க்குள்ள போற சாமான் அது. விளையாட்டில்ல."

"கொஞ்ச நாள் லீவு போடு."

"லீவு போட்டா நெனப்பு வந்துருமா? எனக்கு அந்த நாள் முழுசா ஞாபகம் இருக்குங்க. மழைச்சத்தம் கூட ஞாபகம் இருக்கு. துணிய வெட்டி, ஓரமா வெச்சேன். அதுக்கப்புறம் இருட்டு. அப்படியே ஒரு ஓட்டை. அதுமாதிரி இன்னும் எத்தனை ஓட்டை இருக்கோ."

மைக்ரான் முட்டையைத் தட்டில் வைத்தார். எழுந்து பின்னறைக்குப் போனார். பெயிண்ட் டப்பாக்கள் உருளுகிற சத்தம் கேட்டது. இரண்டு பாட்டில்களோடு வந்து, உப்புக் கிண்ணத்தை நகர்த்திவிட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"ஓட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். "நீ வெச்சிருந்த. நான்தான் தேய்ச்சுட்டேன்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"தண்டு பதினஞ்சு புள்ளி நாலு இருந்துச்சு. காடி பதினஞ்சு. உள்ள போகல. உப்புத்தாள் போட்டேன்."

மகள் பாட்டில்களைப் பார்த்தாள். ஒன்றைத் தூக்கி வெயிலில் பிடித்தாள். வெள்ளைக் கசடு சுழன்று இறங்கியது.

"எத்தனாம் நம்பர் தாள்?"

"எண்பது."

"தூள் என்ன நெறம்?"

"மொதல்ல வெள்ளை. அப்புறம் கறுப்பு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே வலது கையை மேசைமேல் வைத்து, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எதையோ பிடித்து, சுற்றி, ஓரத்தை அழுத்தினாள். இரண்டு தடவை அப்படிச் செய்தாள். "வெச்சேன்" என்றாள். "சுத்தி வெச்சுட்டு, ஓரம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. பல் குச்சியால அழுத்தினேன். வெச்சேங்க."

"நான்தான் சொன்னேனே" என்றான் மாப்பிள்ளை மெதுவாக.

அவள் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். "கண்ணாடிக் கடைக்காரர் வந்துட்டுப் போனது எத்தனை நாளுப்பா?"

அவர் உப்புக் கிண்ணத்தைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

"இருபத்திமூணு நாள். நான் தெனமும் இந்தக் கட்டில் பக்கத்துல நின்னு அழுதேன். நீங்க அங்க நின்னு பாத்துக்கிட்டிருந்தீங்க."

"நெசமான்னு பாக்க வேண்டாமா? நீ சொன்னா ஆச்சா? தண்ணி மாத்திப் பாத்தேன், கட்டை மாத்திப் பாத்தேன்."

"இருபத்திமூணு நாள்."

"காடிய அகலம் பண்ணச் சொன்ன. சரியா இருக்கற காடிய நான் ஏன்..."

"அப்பா." அவள் குரலை உயர்த்தவில்லை. "அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்குக்கூட வேண்டாம். அவருகிட்ட."

மைக்ரான் கட்டிலைப் பார்த்தார். கூண்டையும், ஆறு கம்பிகளையும், காலையில் தான் துடைத்த ஆறு இடங்களையும் பார்த்தார்.

"விடு" என்றான் மாப்பிள்ளை. இந்தத் தடவை அவன் பேச்சில் விளையாட்டு இல்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "விட்டுடு. சாப்பிடட்டும்."

"சொன்னா எலும்பு கூடிக்குமா?" என்றார் மைக்ரான்.

"கூடாதுப்பா. அது எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. நாற்பத்தாறு வருஷமாக அந்த வாய்க்குப் பழக்கமில்லாத ஒன்று தொண்டைவரை வந்து, அங்கேயே இடித்துக்கொண்டு நின்றது.

"படத்துல பதினஞ்சுதான் போட்டிருந்துச்சு" என்றார்.

மகள் அதற்குப் பிறகு எழுந்து தட்டுகளை எடுத்துப் போய்க் கழுவி வைத்தாள். காஸைத் தொட்டுப் பார்க்கவில்லை. நடு அறைக்குப் போய்ப் போர்வையை இழுத்து மடித்தாள். கைப்பையிலிருந்து, திரும்பி வந்த அந்தக் கிழவியின் பல் செட்டை எடுத்தாள். நோட்டையும் எடுத்தாள்; நோட்டைக் குப்பைக் கூடையில் போட்டாள். மெழுகுக் கத்தியைச் சுட வைத்து, தப்பாக நின்ற பல்லை ஒவ்வொன்றாகக் கிளப்பி, இடம் பார்த்து நிறுத்த ஆரம்பித்தாள். கதவோரம் நின்று மைக்ரான் பார்த்தார். கை ஆடவில்லை. ஒரு மயிரிழைகூட ஆடவில்லை.

"நாளையிலிருந்து அவரு கால நான் தொடைச்சுக்கறேன்" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "நீங்க தொட வேண்டாம்."

"உனக்கு எட்டு மணிக்குக் கெளம்பணுமே."

"நான் பாத்துக்கறேன்."

"கம்பிக்கு ஒரு பஞ்சு. எடுத்த பஞ்சத் திரும்ப வெக்கக் கூடாது."

அவள் அடுத்த பல்லை எடுத்தாள்.

மைக்ரான் துணி வைக்காத பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். முன்னறையைக் கடக்கும்போது கட்டிலில் படுத்திருந்தவன் சுவர்ப்பக்கமாகவே கிடந்தான். விழித்திருக்கிறான் என்பது முதுகில் தெரிந்தது. அவர் ஒரு நொடி நின்றார். கூண்டின் கீழ்க் கம்பியில் ஒரு பஞ்சு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்கக் கை நீட்டி, நீட்டிய கையை இழுத்துக்கொண்டு வெளியே போனார்.

தெருக்கோடியில் சாக்கடை மூடியின்மேல் பாட்டிலைக் கவிழ்த்தார். வெள்ளைத் தண்ணீர் வழிந்து போனது. அலுமினியத் துண்டை எடுத்துப் பெருவிரலால் அழுத்தினார், உள்ளே அமுங்கியது. விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். எதிரில் வேகமாக வந்த ஒரு ஆள் அவர் தோளில் இடித்துவிட்டு, "சாரிங்க பெரியவரே" என்று சொல்லிக்கொண்டே கடந்து போனான்.

மைக்ரான் திரும்பி அந்த ஆளின் முதுகைப் பார்த்தார். எவ்வளவு சுலபமாக வருகிறது இவன்களுக்கு. சொல்லிவிட்டான், போய்விட்டான், இடிபட்ட தோள் இடிபட்டபடிதான் வலித்தது.

"காடி சரியாத்தான் இருந்துச்சு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, இன்னொரு தடவை தண்ணீர் மொள்ள, காலிப் பாட்டிலோடு கடல் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.